வேரோடு எடுப்பவள்

புல் வெட்டுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று கேட்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், தேயிலை மலையில் சொரண்டியைப் பிடித்துப் பார்க்கட்டும். சொரண்டி என்பது குட்டைக் காம்பு போட்ட இரும்புத் தகடு. குனிந்த இடுப்பு நிமிராமல், தூருக்குத் தூர் மண்ணைச் சுரண்டிக்கொண்டே போக வேண்டும். முக்கால்வாசிப் பேர் மேலாப்பில் இழுத்துவிட்டு அடுத்த நிரைக்குத் தாவிவிடுவார்கள். பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், ஒரு மழை பெய்தால் எல்லாம் திரும்ப முளைத்து நின்று சிரிக்கும். மாரியாயி அப்படிப்பட்டவள் இல்லை. வேரைத் தேடிப் பிடித்து எடுப்பாள். அவள் கொந்தரப்புக்கு, அதாவது மொத்தக் கூலிக்கு, பேசி எடுத்த மலையில் அடுத்த மழைக்கும் மண் சிவப்பாகத்தான் கிடக்கும்.

தெமோதரைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் அவள் பெயர் அதற்காகவே பிரசித்தம். வேலையை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா மற்றப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து அவள் மலையைக் காட்டுவாராம். மேலாப்பில் இழுக்கிறவர்களை அவள் சும்மா விடமாட்டாள். "மண்ணுக்குத் தலையா சிரைக்கிற?" என்று கேட்டு மானத்தை வாங்குவாள். அவளுக்கு ஒரே ஒரு கணக்குத்தான். தேயிலை இல்லாதது எல்லாம் புல்லு. சின்ன வயதிலிருந்து, காலையில் பேர் பதிகிற பெரட்டுக்களத்தில் சொல்லிக் கொடுத்ததும் அதுதான், துரைமார் வந்து பார்த்துத் தலையாட்டியதும் அதற்குத்தான்.

நான் பதுளைப் பக்கத்து ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்காரன். பெயர் வீரய்யா, தொழில் டிரைவர். மாரியாயியை நான் முதலில் பார்த்தது இரண்டாயிரத்து மூன்றில், வெளிநாட்டுப் பணத்தில் நடந்த ஒரு காட்டுத் திட்டத்துக்கு ஜீப் ஓட்டப் போனபோது. அப்போதே அவள் தனி ஆள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மார்கழி மழையில் மேக்கணக்கில் மண் சரிந்திருந்தது. மேக்கணக்கு என்பது தோட்டத்தின் மேல்பிரிவு. யாரும் சாகவில்லை, ஆனால் வரிசை வீடுகளான லயத்தில் பாதி போய்விட்டது, மீதியில் வெடிப்பு. தோட்டம் சனங்களைக் கீழ்க்கணக்குக்கு இறக்கிவிட்டது. தேயிலையையும் கைவிட்டார்கள். குடும்பத்துக்கு ஒரு காம்பிரா, ஒற்றை அறை, கொடுத்தார்கள். மாரியாயிக்குப் புருஷன் எப்போதோ காய்ச்சலில் போய்விட்டான், மகள் விஜயலெட்சுமி குவைத்தில் வீட்டு வேலை. ஒற்றை ஆளுக்குத் தனிக் காம்பிரா கிடையாது, இன்னொரு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு இரு என்றார்கள். அவள் ஒட்டிக்கொள்ளப் போகவில்லை. வெடிக்காமல் நின்ற கடைசிக் காம்பிராவிலேயே இருந்துவிட்டாள்.

அந்த லயத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வரிசையாகக் கதவில்லாத காம்பிராக்கள், உள்ளே ஆட்டுப் புழுக்கை, கூரைத் தகரம் காற்றில் அடித்துக்கொண்டு கிடக்கும். ஆனால் வாசல் மட்டும் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் பெருக்கி, தண்ணீர் தெளித்துப் பளிச்சென்று இருக்கும். போய்விட்டவர்களின் வாசலையும் அவள்தான் பெருக்கினாள். எதற்கு என்று ஒருமுறை கேட்டுவைத்தேன். "வந்தாகன்னா என்ன நெனைப்பாக?" என்றாள். யாரும் வரப்போவதில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 

திட்டத்தை நடத்தியது சிவரூபி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பேராதனையில் தாவரவியல் படித்துவிட்டு வந்தவள், பதுளையில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தாள். வேலையில் கெட்டிக்காரி. எங்கள் ஆட்களோடு பேசும்போது மட்டும் கொஞ்சம் புத்தகத்தனமாகப் பேசுவாள், நான் கேலி பண்ணுவேன், கோபிக்கமாட்டாள். மாரியாயிக்கு அவளை முதல் நாளே பிடித்துப்போயிற்று. ஜீப் சத்தம் வளைவில் கேட்டதுமே கேத்தலை அடுப்பில் ஏற்றிவிடுவாள். நாங்கள் ஏறி வருவதற்குள் பால் விடாத சாயத்தண்ணி ஆறிப்போய் மறுபடியும் சுடவைத்திருப்பாள். எழும்பினால் போதும், இன்னும் ஒரு ரொட்டி, இன்னும் ஒரு வாய்ச் சம்பல் என்று உட்காரவைத்துவிடுவாள். உண்மையைச் சொன்னால், அவளிடமிருந்து கழன்று வருவதற்கு மலை ஏறுவதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

திட்டம் இதுதான். கீழே ஆற்றோரமாக ஒரு துண்டுக் காடு, மேலே மலை முடியில் ஒரு துண்டுக் காடு, நடுவில் கைவிட்ட தேயிலை. சிவரூபி மாரியாயியின் வாசலில் உட்கார்ந்து விளக்கம் சொன்னாள். "வருசா வருசம் வெக்கை கூடிக்கொண்டு போகுது அக்கா. கீழ்க்காட்டில இருக்கிறதுகள் உயிர் தப்ப மேல ஏறவேணும். நடுவில காடு இருந்தால்தான் அதுகள் ஏறும்." மாரியாயி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, மனுஷன் எல்லாம் கீழே இறங்கிப் போயிட்டான், மிருகமாவது மேலே வந்து சேரட்டும் என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தோட்டத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அந்த மலையைத் திட்டத்துக்கு மூன்று வருஷம் விடுவது, பிறகு காசு கொடுத்தவர்களின் ஆட்கள் வந்து பார்ப்பது. காடு பிடித்திருந்தால் அது பாதுகாத்த இடமாகிவிடும், காவலுக்கு மாரியாயி நிரந்தரம், அவள் காம்பிராவுக்குப் புதுக் கூரை. பிடிக்காவிட்டால் நிலம் தோட்டத்துக்கே திரும்பிவிடும். தோட்டத்துத் துரை அங்கே வெட்டி விற்க டர்பன்டைன் மரம் நடுவார், லயத்தை இடிப்பார், அவள் இறங்கிப் போய் யாரோ ஒருத்தர் அடுப்படியில் பாய் விரிக்க வேண்டியதுதான். இதையெல்லாம் சிவரூபி மறைக்காமல் அவளிடம் சொன்னாள். மாரியாயி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

பழைய தேயிலைத் தூர்களைத் தோண்டி எடுத்துவிட்டு, காட்டு மரக் கன்றுகளை நட்டார்கள். கன்று பிழைத்ததா என்று பார்ப்பதும், ஆடு மாடு இறங்காமல் காப்பதும், வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் மானாப்புல்லுக்கு எவனும் நெருப்பு வைக்காமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருப்பதும் மாரியாயியின் வேலை. மாதா மாதம் நாங்கள் போவோம். அந்தக் காலம் நன்றாகத்தான் போயிற்று. நட்ட கன்று கொஞ்சம்தான், அதுவா காடாகப் போகிறது என்று நான் நக்கலாகக் கேட்டதற்குச் சிவரூபி, குருவிகளும் காற்றும் கொண்டுவந்து போடுவதுதான் காடாகும், கன்று சும்மா துணைக்கு என்றாள். இதை அவள் சொன்னது ஜீப்புக்குள். மாரியாயி அப்போது பக்கத்தில் இல்லை.

பிறகு கடல் பொங்கியது. இரண்டாயிரத்து நான்கு மார்கழியில், சுனாமியில், கரையோரம் எல்லாம் பிணமாகக் கிடந்தபோது மலையில் எவன் காட்டைப் பற்றி யோசிப்பான்? காசும் ஜீப்பும் ஆட்களும் மட்டக்களப்புப் பக்கம் திரும்பின. சிவரூபியையும் அனுப்பினார்கள், என்னையும் அனுப்பினார்கள். போகுமுன் ஒரு தடவை மேக்கணக்குக்கு ஏறினோம். சிவரூபி மாரியாயியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இதைப் பாத்துக்கொள்ளுங்கோ அக்கா, நான் திரும்பி வருவன்" என்றாள். மாரியாயி ஜீப் வளைவு திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள்.

ஒரு வருஷத்துக்கும் மேலாக யாரும் அங்கே ஏறவில்லை. அவளுக்குக் கொடுத்துவந்த மாதச் சம்பளமும் நின்றுபோயிற்று. அந்தக் கொடுமையை நான் என்னவென்று சொல்வது! ஒரு மனுஷி தனியே மலையில் இருக்கிறாள், அவளிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்திருக்கிறோம் என்ற நினைப்பு எந்தக் கந்தோரில், எந்த அலுவலக மேசையிலும் இல்லை. கீழ்க்கணக்குச் சனம் விறகு பொறுக்க அந்தப் பக்கம் போகக்கூட அவள் விடவில்லையாம். அதனால் அவர்களும் அவளோடு பேச்சை விட்டுவிட்டார்கள். தீபாவளிக்குக்கூட ஒருவரும் பலகாரம் அனுப்பவில்லை என்று பிற்பாடு அவளே சொன்னாள்.

இரண்டாயிரத்து ஆறில், கச்சான் வீசுகிற மாதத்தில், காசு கொடுத்தவர்களின் ஆட்கள் வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரர், கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி. அதற்கு முந்தின வாரம்தான் சிவரூபியும் நானும் பதுளைக்குத் திரும்பியிருந்தோம். முன்கூட்டிப் போய்ப் பார்க்க அவள் தவித்தாள், கந்தோரில் விடவில்லை, நான்கு பேரும் ஒரே ஜீப்பில் போனோம். கடைசி வளைவைத் திரும்பியதும் சிவரூபி "அண்ணை, நிப்பாட்டுங்கோ" என்றாள். நான் பிரேக்கை அழுத்தினேன்.

மலை முழுக்கச் சிவப்பு. லயத்துக்கு மேலிருந்து காட்டு விளிம்பு வரைக்கும் ஒரு புல் இல்லை, ஒரு செடி இல்லை. கோயில் வாசலைப் போலப் பெருக்கி வைத்த மண். நடுவில் அங்கொன்று இங்கொன்றாக நாங்கள் நட்ட கன்றுகள், ஒவ்வொன்றின் தூரையும் சுற்றி வட்டமாகச் சுரண்டி, வெயில் சுட்டு இலை காய்ந்துபோய் நின்றன. தண்ணீர்க் கான் ஓரமாக, பிடுங்கிய புல்லையெல்லாம் அடுக்கடுக்காகக் குவித்து எரித்த சாம்பல். மாரியாயி நல்ல சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, சொரண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பாராட்டுக்குக் காத்திருக்கிற முகம் அது. 

வெள்ளைக்காரர் முழங்காலிட்டு மண்ணைக் கிளறினார். கொழும்பு அதிகாரி இதை யார் செய்தது என்று சிங்களத்தில் கேட்டார். மாரியாயிக்கு அந்த அளவுச் சிங்களம் தெரியும். முன்னால் வந்தாள்.

"நாந்தாங்க. ஒரு ஆளு வைக்கல. ஒண்டியாத்தான் செஞ்சேன்."

அவர்கள் இருவரும் ஜீப்புக்குத் திரும்பி நடந்தார்கள். சிவரூபி போகவில்லை. நானும் நின்றேன். கேத்தல் உள்ளே கொதிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பாஸா மிஸ் என்று மாரியாயி கேட்டாள், இரண்டு தரம் கேட்டாள். சிவரூபி பொய் சொல்லவில்லை, அதற்காக அவளை நான் மதிக்கிறேன். மண்ணில் குந்தி உட்கார்ந்து, குருவிகள் போட்ட விதையெல்லாம் இந்தப் புல்லுக்குள்ளேதான் முளைத்திருக்கும், அதுகள்தான் காடு, நட்ட கன்று இல்லை என்று விளங்கப்படுத்தினாள். மேலால் வெட்டியிருந்தால் திரும்பத் துளிர்த்திருக்கும், இது வேரோடு போய்விட்டது என்றும் சொன்னாள்.

மாரியாயி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு புல்லைக்கூடத் தொட்டிருக்க மாட்டேனே மிஸ்," என்றாள். "நீங்க வர்றப்ப மலை அசிங்கமா இருக்கக் கூடாதுன்னுதான செஞ்சேன்."

சிவரூபி அழுதாள். அவளைக் குறை சொல்லி என்ன? தோட்டத்தில் ஒரு பெண்ணிடம் மலையைக் கொடுத்தால் அவள் புல்லு வெட்டுவாள் என்பது பேராதனையில் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாதா என்றால், நானும் மட்டக்களப்பில்தானே கிடந்தேன். மாரியாயி அழவில்லை. சொரண்டியைக் கூரை இடுக்கில் செருகிவிட்டு, சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அன்றைக்கு எங்களை இருங்கள் என்று மறித்துக் கேட்கவில்லை.

திட்டம் மூடப்பட்டது. சிவரூபி அடுத்த வருஷம் படிப்பு என்று கனடாவுக்குப் போய்விட்டாள். எனக்கும் வேலை போயிற்று, ஒரு பழைய வேனை வாங்கி வாடகைக்கு ஓட்டினேன். எல்ல ஊருக்குச் சுற்றிப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. துரை உடனே டர்பன்டைன் நடவில்லை. இந்த மழைக்கு அடுத்த மழை என்று தள்ளிக்கொண்டே போனார். மாரியாயி அவ்வளவு காலமும் அதே காம்பிராவில் இருந்தாள். ஆனால் சொரண்டியைத் தொடவில்லை. வாசலைக்கூடப் பெருக்கவில்லையாம். மாரியாயி மலையில் புல்லு இடுப்புக்கு மேலே நிற்கிறது, கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கீழ்க்கணக்கில் பேசிச் சிரித்தார்கள். கேட்டு எனக்கு எரிச்சலாக வந்தது.

கடைசியில், இரண்டாயிரத்து ஒன்பதில், தோட்டம் நாள் குறித்துவிட்டது. விஜயலெட்சுமி குவைத்திலிருந்து எனக்குப் போன் எடுத்தாள். பசறை ரோட்டில் வீடு கட்டி முடித்திருக்கிறாளாம், அம்மாவைக் கொண்டுபோய் அங்கே விட வேண்டுமாம். அவள் வர இன்னும் இரண்டு வருஷம் ஆகும் என்றாள்.

நான் போனபோது மாரியாயி ஒரு துணி மூட்டையோடு தயாராக இருந்தாள். மலையைப் பார்த்தேன். மானாப்புல், முட்செடி, பெயர் தெரியாத பச்சை எல்லாம் அடைசலாக நின்றன. ஜீப் போன தடமே தெரியவில்லை. காம்பிராவுக்குள் போகக் கால் வைத்தேன், அவள் என் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். வாசற்படிக் கல்லோடு ஒட்டி ஒரு சின்னக் கன்று. முழங்கால் உயரம், இலை தடிப்பம், நுனி சிவப்பு.

"தம்பி, இது குருவி போடுற அந்த மரந்தானா?"

எனக்கு எப்படித் தெரியும்? ஸ்டியரிங் பிடிக்கிற கை. தெரியவில்லை என்றேன். அவள் விடவில்லை. தனக்குத் தெரியாத புல்லு இந்த மலையில் எதுவும் இல்லை, இது அதில் எதுவும் இல்லை, அப்படியென்றால் இது மரமாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். இருக்கலாம் என்று சொன்னது அவளுக்குப் போதவில்லை. "மிஸ்ஸு இருந்தா ஒரே பார்வையில சொல்லிரும்," என்றாள். சாமானை எல்லாம் வேனில் ஏற்றிய பிறகு, விறகுக் குச்சிகளை ஒடித்து அந்தக் கன்றைச் சுற்றி ஊன்றினாள். நடுவதற்கு முன் மலை முழுக்கச் சுரண்டுவார்கள், குச்சியை யார் மதிக்கப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? நான் வேனை ஸ்டார்ட் பண்ணினேன்.

பசறை ரோட்டு வீடு நல்ல வீடுதான். டைல்ஸ் தரை, இரும்புக் கேட், வாசல் முழுக்கக் கொங்கிரீட். மாரியாயி செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வாசலில் கொஞ்சம் நடந்தாள். "இங்க ஒண்ணும் மொளைக்காது போல இருக்கே," என்றாள். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு தரத்துக்கு மேல் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பெரிய கேட்டுக்குள்ளே அவள் அவ்வளவு சின்னதாக நின்றாள்.

மகள் வாங்கிக் கொடுத்த போனில் அவ்வப்போது எனக்குப் பேசுவாள். சாப்பிட்டீர்களா, பிள்ளைகள் சுகமா, பிறகு அந்தப் பக்கம் போனீர்களா. போகவில்லை அக்கா என்பேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் என்றே தெரியவில்லை, பகல் முழுக்க எல்லாக் கதவும் சாத்தியே இருக்கிறது என்பாள். 

அதே வருஷம் புரட்டாசி முடிகிற நேரம் தெமோதரைக்கு ஒரு வாடகை வந்தது. ஆட்களை இறக்கிவிட்டு மேலே ஏறினேன். லயம் இல்லை, கல் மட்டும் குவிந்து கிடந்தது. மலை முழுக்கச் சுரண்டி, டர்பன்டைன் கன்றுக்குக் குழி வெட்டியிருந்தார்கள். வாசற்படிக் கல்லைத் தேடிக் கண்டுபிடித்தேன். பக்கத்தில் குச்சியும் இல்லை, கன்றும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது, அடிக்க அங்கே ஒருவரும் இல்லை.

அன்றைக்குச் சாயந்தரமே அவள் போன் எடுத்தாள். மறைக்க மனசு வரவில்லை.

"போனேன் அக்கா. சொரண்டிட்டாங்க. வாசப்படி ஓரத்தையும் சேத்துத்தான்."

  யார் சுரண்டியது என்று கேட்டாள். கீழ்க்கணக்குப் பெண்கள், கொந்தரப்பு என்றேன்.

"மண்ணு எப்படிக் கெடந்துச்சு தம்பி? கிளறிவிட்டாப்ல பொலபொலன்னு கெடந்துச்சா, வழிச்சுவிட்டாப்ல கெடந்துச்சா?"

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். என் செருப்புத் தடம்கூடப் பதியாத மண்.

"வழிச்சுவிட்டாப்லதான் அக்கா."

"மேலாப்புல இழுத்திருக்காளுக," என்றாள் மாரியாயி. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் குரலில் அந்தப் பழைய திமிர் இருந்தது. "அவளுகளுக்கு எங்க வேரு தெரியப் போகுது? மண்ணுக்குத் தலை சிரைக்கிறவளுக. மழை பேயட்டும், பாருங்க. ஐப்பசி கழிஞ்சு ஒருக்கா போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

போகிறேன் என்றேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் அவள் போனை வைக்கவில்லை. அந்தக் கொங்கிரீட் வாசலில் நின்றுகொண்டு அவள் மூச்சுவிடுவது கேட்டுக்கொண்டே இருந்தது, நானும் வைக்கவில்லை.